உள்ளங்காலின் காவல்



அஞ்சுகிராமம் சந்திப்பில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும், வண்டி நகருமுன்பே இஞ்சினின் அதிர்வு நம் உள்ளங்காலில் தெரிகிறது. அதை அறிவிப்பது எது? இம்முறை அதைப் படிப்போம்.

நம் தோலில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. மேலாக அமைந்த மெய்ஸ்னர் உறுப்புகள், நொடிக்கு 50-க்கு உட்பட்ட மெதுவான அதிர்வை நன்றாக உணர்கின்றன. ஆழத்திலுள்ள பசினி உறுப்புகளோ, நொடிக்குச் சுமார் 200 முதல் 300 வரையான விரைந்த அதிர்வை உணர்கின்றன. பசினி உறுப்பு வெங்காயம்போல் அடுக்கடுக்கானது. அதன் நடுவே நரம்பு நுனி இருக்கிறது. ஒரே சீரான அழுத்தத்தை அடுக்குகள் தாங்கிக்கொள்வதால் நரம்பு விரைவில் அடங்கிவிடும். அழுத்தம் மாறி மாறி வந்தால் நுனி இழுபட்டு மின்துடிப்பு பிறக்கும். அதிர்வு போதிய வலுவாயிருந்தால், ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு துடிப்பு!

கால்விரலிலிருந்து மூளையின் அடித்தண்டு வரை இச்செய்தியைக் கொண்டுபோவது ஒரே நரம்பணுவின் நீண்ட இழை. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் கட்டுக்கடங்காதிருந்தால், இப்படிப்பட்ட நீளமான இழைகளே முதலில் நலிகின்றன. ஆகவேதான் கால்விரல்கள் முதலில் மரத்துப்போகின்றன. வலியை அறிவிக்கும் மெல்லிய இழைகளும் பழுதானால், முள் குத்தினாலும் தெரியாது. வலிக்காத புண் ஆழமாகி, சிலருக்குக் காலையே எடுக்க நேரிடுகிறது.

இதை முன்கூட்டி அறிய எளிய சோதனை உண்டு. நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டி, கால் பெருவிரலின் எலும்புமேல் மருத்துவர் வைப்பார். "நின்றுவிட்டது" என்று நோயாளி சொன்ன பின்பும் மருத்துவரின் விரலுக்கு அதிர்வு நெடுநேரம் தெரிந்தால், நரம்பு நலிந்திருக்கக்கூடும்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் அழிவது பெரும்பாலும் அவர்கள் உணராத காயங்களாலேயே என்று எடுத்துக்காட்டினார். உணர்வற்ற அப்பாதங்களைக் காத்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, இன்று சர்க்கரை நோயாளருக்கும் உதவுகிறது.

உங்கள் வீட்டிலோ சபையிலோ சர்க்கரை நோயுள்ளவர் இருக்கிறாரா? வெறுங்காலோடு நடக்க விடாதிருங்கள். ஆண்டுக்கொருமுறை பாதப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். குனிய இயலாத முதியவருக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நரம்பு காக்க இயலாத காலை நம் கண்கள் காக்கட்டும்.