ஊதியத்துடன் விடுமுறை: மாநிலங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகள்

ஒரு நாளைப் பொது விடுமுறை என அரசு அறிவிக்கும்போது மூன்று விளைவுகள் ஏற்படக்கூடும். அரசு அலுவலகங்கள் மூடப்படும். வங்கிகளின் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். வேலை செய்யாமலேயே அன்றைய ஊதியம் தொழிலாளிக்குக் கிடைக்கும். பேச்சு வழக்கில் இம்மூன்றையும் ஒன்றாகவே கருதுகின்றோம். ஆயினும் இவை தனித்தனி விதிகளிலிருந்து பிறப்பவை. இந்தியாவில் எந்த மாநிலத்தில் எத்தனை நாள் விடுமுறை என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்காததற்கு இதுவே காரணம்.

வங்கிகளும் அலுவலகங்களும்

வங்கி விடுமுறைக்கு அடிப்படை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டமாகும். ஓர் உறுதிச் சீட்டின் தவணை பொது விடுமுறை நாளில் முடியுமாயின், அதற்கு முந்திய அலுவல் நாளிலேயே தவணை முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் 25ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே எந்தெந்த நாள் பொது விடுமுறை என்று அரசிதழில் அறிவிப்பது தேவையாயிற்று. இந்த அதிகாரத்தை மத்திய அரசு 1957இல் மாநில அரசுகளுக்கும் வழங்கியது. கேரளத்தில் ஓணம், பீகாரில் சட் பூசை, அசாமில் பிஹு, கோவாவில் டிசம்பர் 19ஆம் நாள் விடுதலை நாள் என விடுமுறைப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆண்டில் 17 விடுமுறை நாள்கள் உண்டு. இவற்றுள் 14 நாடு முழுவதற்கும் பொதுவானவை. எஞ்சிய மூன்றை, டில்லிக்கு வெளியே, மாநிலத் தலைநகரங்களில் உள்ள ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழுக்கள் வட்டார வழக்கத்திற்கேற்பத் தேர்ந்தெடுக்கின்றன. இவற்றுடன், ஒவ்வோர் ஊழியரும் தாம் விரும்பும் இரண்டு வரையறுக்கப்பட்ட விடுமுறைகளைப் பெறலாம். ஊழியர் எங்குப் பணியாற்றினாலும் எண்ணிக்கை ஒன்றே. நாள்கள் மட்டும் மாறும்.

தொழிலாளர் நிலை

தனியார் தொழில் நிறுவனங்களில் நாள்கள் மட்டுமன்றி எண்ணிக்கையும் மாறுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வையும், ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பையும் வகுத்தது. பண்டிகை விடுமுறைகளை வகுக்கவில்லை. தொழிலாளர் நலம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளதால், மாநிலங்கள் தாமே சட்டமியற்றி இக்குறையை நிரப்பின.

உத்தரப் பிரதேசத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் சனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று தேசிய விடுமுறைகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், இம்மூன்றுடன் மே நாளையும் ஐந்து பண்டிகை நாள்களையும் சேர்த்து ஒன்பது நாள்களை அளிக்கிறது. கர்நாடகத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநிலம் அமைந்த நவம்பர் முதல் நாளும் இடம்பெறுவதால் எண்ணிக்கை பத்தாகிறது. கேரளத்திலோ திருத்தங்களுக்குப் பின் அது பதின்மூன்று. மகாராஷ்டிரம் 2017இல் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இயற்றிய சட்டம் எட்டு நாள்களை வழங்குகிறது. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். எனினும் ஒரே வகை ஆலையில் பணிபுரியும் இருவரிடையே ஆண்டுக்கு நான்கு நாள் வேறுபாடு உண்டு.

இதன் பொருளாதார அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆண்டின் 365 நாள்களில் வார ஓய்வு நாள்கள் 52 போக எஞ்சுபவை 313. இவற்றுள் மூன்று நாள்கள் ஏறத்தாழ 1 விழுக்காடு. ஒன்பது நாள்கள் 2.9 விழுக்காடு, பதின்மூன்று நாள்கள் 4.2 விழுக்காடு. முதலாளிக்கு இது உழைப்பின்றி அளிக்கும் ஊதியம். தொழிலாளிக்கு இது வருவாய் குறையாத ஓய்வு. விடுமுறை நாளில் வேலை வாங்க நேர்ந்தால் இரட்டை ஊதியம், அல்லது அன்றைய ஊதியத்துடன் மாற்று விடுமுறை என்று தமிழ்நாட்டுச் சட்டம் விதித்திருப்பது, இந்த ஓய்வுக்கு ஒரு விலையை நிர்ணயிப்பதேயாகும்.

சட்டத்திற்கு வெளியே உள்ளோர்

மேற்கண்ட கணக்கு தினக்கூலித் தொழிலாளியைப் பொறுத்தவரை தலைகீழாகிறது. பணியிடம் ஒன்பது நாள் மூடப்பட்டால், அவர் ஈட்டக்கூடிய வருவாயில் 2.9 விழுக்காடு குறைகிறது. ஒருவருக்கு நலனாக அமையும் அதே நாள் மற்றொருவருக்கு இழப்பாக முடிகிறது. இத்தகையோர் தொகை சிறிதன்று. 2023–24ஆம் ஆண்டுக்கான தொழிலாளர் நிலை பற்றிய மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்பின்படி, உழைப்போரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தற்காலிகக் கூலித் தொழிலாளர். வேளாண்மை சாராத் துறைகளில் மாத ஊதியம் பெறுவோரிலும் சுமார் 47 விழுக்காட்டினருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லை.

இவர்களுக்கும் விடுமுறை ஊதியம் உண்டு என வெளிப்படையாகக் கூறும் நாடு தழுவிய சட்ட விதி ஒன்று இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 135ஆ பிரிவின்படி, வாக்குரிமை உடைய ஊழியருக்கு வாக்குப்பதிவு நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையாகும். வேலை செய்யாத நாளுக்கு வழக்கமாகக் கூலி பெறாதவராயினும், அன்றைய கூலியை அவருக்குக் கொடுத்தல் வேண்டும். ஆகவே தினக்கூலியாளருக்கு விடுமுறை ஊதியம் என்பது சட்டத்திற்குப் புதிய கருத்தன்று.

குறைப்பதா, கூட்டுவதா?

விடுமுறைகள் மிகுதி என்ற கருத்து அவ்வப்போது எழுகிறது. மூன்று தேசிய விடுமுறைகள் தவிர ஏனையவற்றை நீக்கி, வரையறுக்கப்பட்ட விடுமுறைகளை இரண்டிலிருந்து எட்டாக உயர்த்தலாம் என்று ஆறாவது ஊதியக் குழு 2008இல் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. தலைவர்களின் பிறந்த நாள், மறைந்த நாள் விடுமுறைகள் பதினைந்தை உத்தரப் பிரதேச அரசு 2017இல் நீக்கியது. தாத்ரா, நகர் அவேலியின் விடுதலை நாள் பற்றிய வழக்கில், பொது விடுமுறை எவருக்கும் அடிப்படை உரிமை ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

இவ்விவாதங்கள் பெரிதும் அலுவலகங்கள் எத்தனை நாள் மூடப்பட வேண்டும் என்பது பற்றியவை. ஊதியப் பாதுகாப்பு யாரைச் சென்றடைகிறது என்பது இதனினும் முதன்மையான கேள்வி. பண்டிகைகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது இயல்பு. விடுமுறை நாள்களை அந்தந்த மாநிலமே தேர்ந்தெடுப்பதும் பொருத்தமானது. ஆனால் ஊதியத்துடன் ஓய்வு பெறும் உரிமைக்கு நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்று இருத்தல் நலம். அந்த எண்ணிக்கையில் தினக்கூலித் தொழிலாளரும் உட்படுவாரானால், விடுமுறை என்னும் சொல் அவருக்கும் ஓய்வையே குறிக்கும்.