சங்கத்திற்கு ஒரு டிஜிட்டல் காமிரா: தேர்ந்தெடுத்தலும் கையாளுதலும்

நெய்த துணியை வாங்குவோர் கையில் கொடுத்து விற்கும்போது துணியே தனக்குச் சாட்சி சொல்லும். தொட்டுப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள், கரையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள். ஆனால் தொலைவில் இருப்போருக்குப் படம் அனுப்பி விற்கும்போது, துணிக்காகப் படம் பேசுகிறது. படம் தவறாகப் பேசினால் பழி படத்தின்மேல் விழுவதில்லை. சங்கத்தின் நாணயத்தின்மேல் விழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கே இவ்வாறு நேர்ந்தது. அரக்கு நிறப் பட்டுப் புடவை ஒன்றை அவசரம் கருதி இரவில், மஞ்சள் பல்பின் கீழ் படமெடுத்து அனுப்பினோம். படத்தில் அது செங்கல் நிறமாக விழுந்திருந்தது. வாங்கியவர் அந்தச் செங்கல் நிறத்தையே விரும்பிப் பணம் கட்டினார். புடவை போய்ச் சேர்ந்ததும், "இது வேறு புடவை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நெய்தவர் நம்மிடம் வந்து, "என் நெசவில் என்ன குற்றம்?" என்று கேட்டார். நெசவில் குற்றமில்லை, சாயத்திலும் குற்றமில்லை. குற்றம் முழுவதும் படமெடுத்த நம்முடையது. அன்று கற்ற பாடத்தையே இக்கட்டுரையில் அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

பழைய காமிரா எதற்கு?

இன்று கைப்பேசியிலேயே நல்ல படம் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது உண்மையே. நல்ல கைப்பேசி இருக்கும் சங்கம் இதற்கெனப் புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டை ஒட்டி வாங்கிய டிஜிட்டல் காமிராக்கள் பல அலுவலகங்களின் அலமாரியில் இன்றும் உறங்குகின்றன. பழைய பொருள் கடைகளிலும் அவை விலைக்கு வருகின்றன. அவற்றால் நமக்கு இரண்டு நன்மைகள் உண்டு.

முதலாவது, அவற்றில் பல லென்ஸே நகர்ந்து காட்சியை நெருக்கிக் காட்டும் அமைப்பும், முக்காலியில் பொருத்தும் திருகுத் துளையும் உடையவை. இரண்டாவது இன்னும் முக்கியமானது. கைப்பேசி தனி ஒருவருடையது. அவர் பதவி மாறினால் படங்களும் அவரோடு போய்விடும். சங்கத்தின் காமிராவோ சங்கத்தின் சொத்து. நம் தறிகளில் பிறந்த வடிவங்களின் பதிவு ஒருவர் சட்டைப்பையில் இருப்பது கூட்டுறவு முறைக்கு ஒத்ததன்று.

காமிரா பிறந்த கதை

ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்து வைக்கும் சி.சி.டி. என்னும் சில்லை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டனர். இதற்காக 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975-இல் கோடக் கம்பெனியின் எஞ்சினீயர் ஸ்டீவன் சாசன், அத்தகைய சில்லைக் கொண்டு பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை காஸெட் நாடாவில் பதிய 23 விநாடிகள் பிடித்தன. அப்படத்தில் இருந்த புள்ளிகள் வெறும் 10,000.

பொதுமக்கள் வாங்கத்தக்க காமிராக்கள் 1990-களில் வந்தன. 1994-இல் வந்த ஆப்பிள் குவிக்டேக் 100 காமிராவின் விலை 749 டாலர். உயர்ந்த தரத்தில் அது 8 படங்களே கொள்ளும். 1995-இல் விற்பனைக்கு வந்த காஸியோ க்யூ.வி. 10, எடுத்த படத்தை அப்போதே பின்பக்கத்துச் சிறு திரையில் காட்டியது. 1997-இல் சோனி மாவிகா படங்களை ப்ளாப்பி தட்டில் பதிந்தது. 1999-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கொண்டது; பொருளுக்கு 2 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் படமெடுக்க வல்லது. அங்கிருந்துதான் இக்கருவி நம்மைப் போன்றோர் வேலைக்கு உதவத் தொடங்கியது எனலாம்.

கட்டத்தாளும் புள்ளியும்

டிஜிட்டல் படம் என்பது என்ன? ஜக்கார்டு வேலை அறிந்த நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. மயிலையோ மாங்காயையோ புடவையில் கொண்டுவர முதலில் கட்டத்தாளில் வரைகிறோம். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான். பாதிக் கட்டம் என்பது கிடையாது. கட்டங்கள் குறைந்தால் மயிலின் கழுத்து படிக்கட்டாகத் தெரியும். கூடினால் வளைவு நயமாக அமையும். காமிராவும் காட்சியைக் கட்டங்களாகப் பிரித்தே பதிகிறது. அந்தக் கட்டத்தையே பிக்செல் அல்லது புள்ளி என்கிறோம். பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்செல்.

எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பது படத்தின் பயனைப் பொறுத்தது. நேர்த்தியான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கொள்வோம். அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் உள்ள பழைய படம் 2 அங்குல அகலத்துக்குச் சற்று மேல்தான் நன்றாக அச்சாகும். 1600க்கு 1200 உள்ள படம் 5 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். ஆகவே இரண்டு மெகாபிக்செலுக்குக் குறைந்த காமிராவைச் சங்க வேலைக்கு வாங்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பாட்டரி: தனி அமைப்பில் செய்த பாட்டரி பழுதானால் மாற்றுக் கிடைப்பது அரிது. சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவுப் பாட்டரியில் ஓடும் காமிராவே நமக்கு ஏற்றது. சாதாரணப் பாட்டரி இதில் விரைவில் தீர்ந்துவிடும். மறுபடி மின்னேற்றத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையே சிக்கனம்.

2. நினைவு அட்டை: படத்தைக் கம்பி வழியாக மட்டுமே வெளியே எடுக்கத்தக்க மிகப் பழைய காமிராவை விலக்குக. அதன் இணைப்பு முனை இன்றைய கணினிகளில் இராது. காம்பாக்ட் ப்ளாஷ் அல்லது எஸ்.டி. அட்டை போடும் காமிரா நலம். அவற்றைப் படிக்கும் சாதனம் இன்றும் கிடைக்கிறது. ஆனால் பழைய எஸ்.டி. காமிராவில் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட அட்டை பொதுவாக வேலை செய்யாது.

3. நெருக்கிக் காட்டும் ஆற்றல்: "ஆப்டிகல்" என்று எழுதியிருப்பதே லென்ஸ் செய்யும் வேலை. "டிஜிட்டல் ஜூம்" என்பது கட்டத்தாளின் ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்குவதே ஆகும். புதிய விவரம் எதுவும் வாராது. அதன் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்.

4. வெண்மைச் சீரமைப்பு: நாமே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, "இதுவே வெள்ளை" என்று காமிராவுக்குக் கற்பிக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். துணி விற்போருக்கு இதைவிட முக்கியமான வசதி இல்லை.

5. உடல்நலம்: லென்ஸில் பூஞ்சை படர்ந்துள்ளதா, பாட்டரி அறையில் கசிவின் பச்சைக்கறை உள்ளதா என்று பாருங்கள். கடையிலேயே பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். 2000-களின் முற்பகுதியில் செய்த சில காமிராக்களின் உணர்சில்லு நம் நாட்டைப் போன்ற வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதாகி, படம் ஊதாவாகவோ கோடு கோடாகவோ விழுவதுண்டு. அத்தகையதைத் திருத்த முயல்வது வீண் செலவு.

நிறத்துக்கு நேர்மை

பல்பின் ஒளி மஞ்சள். திறந்த நிழலின் ஒளி சற்று நீலம். நம் கண் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். காமிரா பல வேளை ஏமாறும். ஆகவே பட்டப்பகலில், வெயில் நேரே படாத தாழ்வாரத்தில் துணியை விரிக்கவும். பக்கத்தில் பச்சைச் சுவரோ நீலத் தார்ப்பாயோ இருந்தால் அந்த நிறம் துணியில் படியும், இடத்தை மாற்றவும். மின்விளக்கையும் பகலொளியையும் கலக்க வேண்டாம். முதலில் வெள்ளைத் தாளைக் காட்டிச் சீரமைத்துப் பின்னர் படமெடுக்கவும். ஒரு படத்திலாவது துணியின் ஓரத்தில் அந்த வெள்ளைத் தாள் தெரியட்டும். படத்தைப் பின்னர் திருத்துவோருக்கு அதுவே அளவுகோல்.

பிளாஷ் விளக்கைத் துணிக்குப் பயன்படுத்தலாகாது. அது சரிகையை வெண்தழலாக எரித்துவிடும். நெசவின் மேடு பள்ளத்தையும் மறைக்கும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் இழை தெரியும்.

வேட்டி நெய்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது காமிராவின் இயல்பு. அதனால் வெள்ளை வேட்டி சாம்பலாகவும், கறுப்புத் துணி வெளிறியும் விழும். வெள்ளைக்குக் கூட்டல் குறியின் பக்கமும், கறுப்புக்குக் கழித்தல் குறியின் பக்கமும் ஒளியளவைச் சிறிது நகர்த்துக.

எவ்வளவு முயன்றாலும் சில நிறங்கள் காமிராவுக்கு அடங்கா. ஊதா நீலமாகத் தெரியலாம். சில கறுப்புச் சாயங்கள் செம்பழுப்பாகத் தெரியலாம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த பட்டு கோணத்துக்கொரு சாயல் காட்டும். அதற்கு இரு கோணங்களில் இரு படங்கள் வேண்டும். படம் தவறினால் அதைச் சொல்லில் எழுதி, ஒரு சாண் நூல் மாதிரியும் அனுப்புவதே நாணயம்.

இழையும் அலைக்கோடும்

சன்னக் கட்டம் போட்ட துணியைப் படமெடுத்தால், துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் ஓடுவதைப் பலர் கண்டிருக்கலாம். இரண்டு மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தோன்றும் அலையும் இதுவும் ஒரே இனம். அங்கே இரு துணிகளின் இழைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன; இங்கே துணியின் இழைவரிசையும் காமிராவின் புள்ளிவரிசையும் மோதுகின்றன. மேலும், சில்லின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றையே காணும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு காமிரா ஊகிக்கிறது. அந்த ஊகம் பிசகும்போது அலைக்கோட்டில் வானவில் நிறமும் சேர்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்துக்கு 80 இழை உள்ள துணி என்று கொள்வோம். இழைக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று என அங்குலத்துக்கு 160 புள்ளிகளாவது வேண்டும். 1600 புள்ளி அகலமுள்ள காமிரா 10 அங்குலத் துணிக்கு மேல் இழையைத் தெளிவாகக் காட்ட இயலாது. நிறத்தின் ஊகத்தையும் கருதினால் 5 அங்குலமே பத்திரம். ஆகவே ஒரு புடவைக்கு நான்கு படங்கள் எடுக்கவும்: முழுத் தோற்றம் ஒன்று, முந்தானை ஒன்று, கரையும் உடலும் கூடும் இடம் ஒன்று, 5 அங்குலத்துக்குள் நெசவின் நெருக்கப்படம் ஒன்று. முழுத் தோற்றத்தில் அலைக்கோடு வந்தால் காமிராவைச் சற்றுத் தள்ளியோ சாய்த்தோ வைத்து மீண்டும் எடுக்கவும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு

பயிரின் நோயைக் காட்டி யோசனை கேட்க விரும்புவோர் இலையை மட்டும் படமெடுத்து அனுப்புவது போதாது. வயலின் தோற்றம், முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம் என வரிசையாக எடுக்கவும். பூச்சியின் அருகில் ஓர் அளவுகோலை வைக்கவும். நெருக்கப் படத்துக்குப் பூவின் குறி உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தி, காமிரா குறிபிடிக்கும் வரை பொறுத்து, பிறகு முழுதும் அழுத்துக. பழைய காமிராக்கள் மெதுவாகவே இயங்கும். பாட்டரி தீர்ந்தால் காமிராவின் தேதி பிறழ்ந்துவிடும். தேதி தவறினால் நோய் எந்நாளில் கண்டது என்பதே தெரியாமற்போம்.

காமிராப் பதிவேடு

இருப்புப் பதிவேட்டைப் போல் காமிராவுக்கும் ஒரு பதிவேடு வைக்கவும். யார் எடுத்துச் சென்றார், எந்நாளில் திருப்பினார், எத்துணியின் படம், நெய்தவர் யார், நூல் எண் என்ன, சாயம் என்ன என்று எழுதவும். மூலப் படத்தில் கைவைக்க வேண்டாம், நகலிலேயே திருத்தவும். படத்தைத் திருத்தி மீண்டும் மீண்டும் சேமிக்குந்தோறும் அதன் நுட்பம் குறையும். மாதம் ஒருமுறை எல்லாப் படங்களையும் இரண்டு வேறு இடங்களில் நகலெடுத்து வைக்கவும். காமிராவை எடுத்து வைக்கும்போது பாட்டரியைக் கழற்றிவிடுக.

திரும்பி வந்த அந்த அரக்குப் புடவையைப் பின்னர் பகலில், தாழ்வாரத்தில் மறுபடி படமெடுத்தோம். அரக்கு அரக்காகவே விழுந்தது. அதைக் கண்டு வாங்கியவர் திருப்பி அனுப்பவில்லை. தறிக்குழியில் நாட்கணக்கில் அமர்ந்து ஒருவர் செய்த வேலைக்கு, படமெடுக்கும் நாம் ஒரு கால்மணி நேரம் கூடுதலாகச் செலவிடுவது பெரிதன்று.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஆராய:

1. நம் சங்கத்தின் பழைய வடிவங்களின் படங்கள் இப்போது யாரிடம் உள்ளன? அவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது எங்ஙனம்?

2. ஒரே புடவையைப் பல்பின் கீழும் தாழ்வாரத்திலும் படமெடுத்து, புடவையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். எந்தப் படத்தை வாங்குவோருக்கு அனுப்பலாம்?

3. உங்கள் தறியில் அங்குலத்துக்கு எத்தனை இழை? உங்கள் காமிரா எத்தனை அங்குலம் வரை அதைத் தெளிவாகக் காட்டும்?