மேளகாரர் தொழில்

முன்னேசுவரத்தில் ஆவணிப் பெருவிழா ஏறத்தாழ நான்கு கிழமை நடைபெறுகின்றது. உடப்பிலே ஆடி மாதத்துத் தீமிதிப்பு. இவற்றைக் கண்டு வளர்ந்த நம் மாணவர் நாகசுரம் கேளாதவரல்லர். ஆயின், வாசிப்பவர் அதனால் எங்ஙனம் வாழ்கின்றார் என எண்ணியோர் மிகச் சிலரே. இசையைத் தொழிலாகக் கொள்ள விழைவோர் முதற்கண் கற்கவேண்டிய பாடம் இவரது வாழ்க்கையேயாம்.

ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. அக்காலத்தில் கோயிலே கதி. கிடைக்கும் ஊதியமோ நாகசுரம், தவில், தாளம், சுருதி என ஒரு குழுவினர்க்குப் பங்காவது. சீவாளிக்குரிய நாணல் காவிரிக்கரையில் விளைவது. வாய்த்த சீவாளியைக் கலைஞர் கண்ணெனக் காப்பர். தவிலுக்குக் கடற்கரையின் ஈரக்காற்றுப் பகை, தோல் தளர்ந்துவிடும். வலக்கை விரல்களுக்குத் துணியும் பசையும் கொண்டு செய்த கூடுகள், இடக்கைக்குக் கழி. இவ்வளவும் தாங்கி, நள்ளிரவிலும் வீதியில் நின்று வாசித்தல் வேண்டும்.

இந்நிற்றலே இசையை வளர்த்தது என்பது என் துணிபு. சுவாமி வீதியுலா வருகையில் பாட்டின் சொற்கள் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோம், இராகம் அமிழாது. புறப்பாட்டில் முழங்கும் மல்லாரிக்குச் சொற்களே இல்லையன்றோ? ஒவ்வொரு வீதியிலும் நின்று நின்று ஓர் இராகத்தை நெடுநேரம் விரிக்கவேண்டிய தொழிற்கட்டாயமே ஆலாபனைக்கு அத்துணை அகலம் தந்தது. நாகசுரத்தில் விரலாற் பாதித்துளையை மூடியும் மூச்சை அடக்கியுமே நுண்சுரங்களைப் பெறுதல் வேண்டும். ஆதலின் இவர் இராகத்தை மூச்சினாலேயே அறிந்தவர்.

திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898–1956) இக்கலையின் மதிப்பை உயர்த்தினார். உயர்ந்த சுருதியுடைய திமிரிக்கு மாறாக நீண்ட பாரி நாகசுரம் பரவியது அவராலே. அதனை உருவாக்கியவர் நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியார். நின்று வாசித்த கலைஞர் மேடையில் அமர்தற்கும் அவர் வழிவகுத்தார். ஈழத்தில், தவிற்கலைஞர் விசுவலிங்கத்தின் மைந்தர் தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்து வித்துவான்களும் வியக்க வாசித்தார். இல்லமும் கோயில் வீதியும் அவர் கற்ற பள்ளிகளுள் அடங்கும்.

இந்நாளில் தோடி தொடங்கியவுடன் திரைப்பாட்டு வேண்டும் இளைஞர் உளர். என் மாணவரும் அவருட் சிலர்! அதனினும் கொடிது, செலவைச் சுருக்க முகூர்த்தத்திற்கு ஒலிப்பதிவை முழங்கச் செய்தல். மேளகாரர் மக்கள் வேறு தொழில் நாடுவதில் வியப்பென்ன? சிக்கனம் வேறு துறையிற் காட்டற்பாலது. கெட்டிமேளம் வெற்றோசையன்று. தாலி முடிச்சு விழும் கணத்தைத் தவிற்காரர் கண்ணாற் கண்டு, கையை உயர்த்திய பின்னரே அது எழுகின்றது. மணமகன் கை நடுங்கித் தாமதித்தால் அவரும் தாமதிப்பார், ஒலிப்பதிவு தாமதியாது.