உள்ளே இருக்கும் டையோடை நம்பி இணைக்காதே

அன்புள்ள முகிலனுக்கு,

நீ அனுப்பிய சர்க்யூட் படத்தைப் பார்த்தேன். 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டை 3.3 வோல்ட்டில் ஓடும் சிப்பின் காலில் நேராகக் கொடுத்திருக்கிறாய். உள்ளே பாதுகாப்பு டையோடு இருக்கிறதே என்ற தைரியம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த டையோடு அங்கே இருப்பதற்குக் காரணம் வேறு. சீமாஸ் சிப்பின் உள்ளீட்டுக் காலுக்குப் பின்னால் இருப்பது டிரான்சிஸ்டரின் கேட். அதற்கும் சிலிக்கானுக்கும் நடுவே மிக மெல்லிய ஆக்சைடுப் படலம். வறண்ட நாளில் நடந்து வந்து தொடும் விரலில் நிலைமின்சாரம் சில ஆயிரம் வோல்ட் வரை ஏறியிருக்கும். படலத்தில் ஒருமுறை துளை விழுந்தால் சிப் போனதுதான். அதனால் காலிலிருந்து சப்ளைக்கு ஒரு டையோடு, கிரவுண்டிலிருந்து காலுக்கு ஒன்று. நொடிப்பொழுதில் வந்துபோகும் அதிர்ச்சிக்கு மட்டுமே அவை போதும்.

டேட்டாஷீட்டில் சப்ளையைவிட 0.5 வோல்ட் கூடுதல் என்று ஓர் எல்லை இருக்கும். அது சிப் சேதமாகாமல் தாங்கும் எல்லை. வேலை செய்ய வேண்டிய எல்லை அடுத்த அட்டவணையில் இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து சப்ளை வரை. 74எச்சி வரிசையில் டையோடுக்கு 20 மில்லியாம்ப் என்று போட்டிருப்பதும் முதல் வகைதான்.

மின்னோட்டம் டையோடைக் கடந்து எங்கே போகிறது என்று யோசித்தாயா? உன் 3.3 வோல்ட் லைனுக்கு. சாதாரண ரெகுலேட்டர் மின்னோட்டத்தைக் கொடுக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. போர்டு செலவழிப்பதைவிட உள்ளே வருவது அதிகமானால் லைன் மேலே ஏறும். இன்னொன்று, சென்சாருக்குக் கரண்ட் இருந்து சிப்புக்கு இல்லாத நேரம். அந்தக் கால் வழியாகவே சிப் அரைகுறையாக உயிர்பெறும். அணைத்துப் போட்டாலும் ரீசெட் ஆகாது. நீ புரோகிராமில் பிழை தேடி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பாய். மின்னோட்டம் இன்னும் கூடினால் லாட்ச்-அப். சிப்புக்குள் சப்ளையும் கிரவுண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சப்ளையைத் துண்டிக்கும்வரை விடாது. அதற்குள் சிப் கருகிவிடலாம்.

அட்மெல் நிறுவனமே தன் குறிப்பு ஒன்றில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டு மெயின்ஸையே ஏவிஆர் சிப்பின் காலில் கொடுத்துக் காட்டியிருக்கிறதே என்று நீ கேட்கலாம். அதே குறிப்பில், டையோடு வழியே 1 மில்லியாம்புக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கிறது. மெயின்ஸ் விஷயத்தை நீ தொடவே வேண்டாம்.

உன் சென்சாருக்கு 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போதும். 2 கிலோ ஓம் கிரவுண்ட் பக்கம் வரட்டும், நடுவிலிருந்து 3.33 வோல்ட் கிடைக்கும். வேகமான சிக்னல் என்றால் 74எல்விசி வரிசையில் ஒரு பஃபர் வாங்கிப் போடு. 3.3 வோல்ட்டில் ஓடும்போதும் அதன் உள்ளீடு 5.5 வோல்ட் வரை ஏற்கும், சப்ளை பக்கம் டையோடு கிடையாது. திருத்திய படத்தை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா