கண்ணியும் காவலும்

எண்ணிய கருமம் எளிதில் கைகூடியவனைப் பார்த்து, "இன்று நரி முகத்தில் விழித்தாயோ?" என்று வினவுவது தமிழ்நாட்டு வழக்கு. வஞ்சகம் செய்பவனை 'நரி' என்று வைவதும் அதே நாட்டு வழக்கே. நற்பேற்றிற்கும் நரி; நயவஞ்சகத்திற்கும் நரி! ஒரே விலங்கின்மீது உலகம் இவ்வாறு இருவகைத் தீர்ப்புக் கூறுமாயின், அதனை உற்று நோக்கியவர் சிலரே என்பது தெளிவு. அச்சிலருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் ஆடு மேய்ப்போர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புற அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மேற்கே நோக்கின் செண்பகத்தோப்புக் காடும் அய்யனார் அருவியும் விளங்கும் மலைச்சாரல். கிழக்கே நோக்கின் பரந்த கரிசல் நிலம். இவ்விரண்டிற்கும் இடையே புதர்களும் கண்மாய்க் கரைகளும் தோப்புகளும் கிடக்கின்றன. அடர்ந்த காடு புலிக்கும் சிறுத்தைக்கும் உரியது. ஊர் மனிதர்க்கு உரியது. இடைப்பட்ட நிலமே நரியின் நாடு.

அந்நாட்டிற்குள்தான் ஆடுகளும் வருகின்றன. அறுவடை முடிந்த வயல்களில் இரவுதோறும் ஆடுகளை மடக்கி வைப்பர். இதற்குக் கிடை போடுதல் என்று பெயர். ஆட்டின் புழுக்கையும் நீரும் நிலத்திற்கு நல்லுரமாகும். நிலத்திற்குரியவர் அதற்குக் கூலி தருவர். கிடைக்குத் தலைவராய் நின்று நடத்துபவரைக் கீதாரி என்பர். பிறந்து சில நாளே ஆன குட்டிகளைக் கூட்டிற்குள் இட்டு மூடி வைப்பர். குட்டி ஒன்று குறைந்தால் கீதாரியின் ஓராண்டு வருவாயில் ஒரு பகுதி குறைந்துவிடும். ஆதலின், இருளில் எழும் ஊளை பிறர்க்கு வெறும் ஓசை, அவர்க்கோ எச்சரிக்கை.

நரிக்கு ஓரி, சம்பு முதலிய பெயர்கள் தமிழில் உண்டு. பழுப்பும் பொன்னிறமும் கலந்த உடல், கரிய நுனியுடைய வால், நிமிர்ந்த செவி ஆகியவை அதன் அடையாளங்கள். வளர்ந்த நரி ஏறத்தாழ 8 முதல் 11 கிலோ எடை இருக்கும். அதனினும் சிறிய குழிநரி வேறோர் இனம். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே கூறிவிடுவர். ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழும். பெண் நரி ஏறத்தாழ ஒன்பது வாரம் சுமந்து குட்டிகளை ஈனும். முந்திய ஈற்றில் பிறந்த இளநரி, தன் தம்பி தங்கையரை வளர்க்கப் பெற்றோர்க்குத் துணைநிற்பதும் உண்டு.

நரி புலாலையே நம்பி வாழ்வதன்று. எலி, தவளை, நண்டு, பூச்சி, இலந்தைப் பழம், செத்த விலங்கின் உடல் ஆகிய யாவும் அதற்கு உணவாம். வயலில் தவசத்தைத் தின்னும் எலியை அது தின்கிறது. பிணத்தை அகற்றி நிலத்தைத் தூய்மை செய்கிறது. தின்ற கனியின் விதையை வேறிடத்தில் சேர்க்கிறது. கோழியையும் ஆட்டுக்குட்டியையும் காவலின்றிக் கண்டால் கவர்ந்து செல்வதும் உண்மையே. உழவர்க்கு நன்மையும் மேய்ப்பர்க்குத் தீமையும் செய்யும் இவ்விலங்கை என் செய்வது? இதுவே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கு.

வேட்டையாடி ஒழிப்பது பழங்காலத்தார் கண்ட வழி. புதரைச் சூழ்ந்து வலை கட்டிப் பறையொலியால் விலங்கை வெருட்டி ஓட்டினர். செல்லும் தடமறிந்து சுருக்குக் கண்ணி வைத்தனர். நரிக்குறவர் எனப் பெயர்பெற்ற மக்கள், நரியைப் போலவே ஊளையிட்டு அதனை அருகே வரச்செய்யும் திறம் வாய்ந்திருந்தனர். ஒரு விலங்கின் மொழியையே கற்றுக்கொள்ளும் அளவிற்கு அவர்தம் நோக்கு நுட்பமானது. இதற்கு மாறாக, நோக்காது நம்பியோரும் உளர். நரியின் தலையில் கொம்பு உண்டு என்றும், அதனை வைத்திருப்போர்க்கு எண்ணியவை நிறைவேறும் என்றும் எண்ணி ஏமாந்தனர். இலங்கையிலும் இந்நம்பிக்கை நிலவியதை 1861 இல் வெளிவந்த நூலொன்றில் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் குறித்துள்ளார். நரிக்குக் கொம்பு இல்லை. இல்லாத கொம்பிற்காக உயிரிழந்த நரிகளோ பல.

கண்ணி வைப்பதில் பெருங்குறை ஒன்று உண்டு. கண்ணி என்னும் சொல்லில் கண் உண்டு. கண்ணிக்குக் கண் இல்லை. குட்டியைத் தின்ற நரியும் எலியைத் தின்ற நரியும் அதற்கு ஒன்றே. முயலும் மானும் மயிலும், ஏன், கீதாரியின் சொந்த நாயும் அதில் சிக்கும். இறைச்சியில் வைக்கும் நஞ்சு அதனினும் கொடிது. செத்ததைத் தின்னும் கழுகையும் அது கொல்லும். வெடிமருந்தை உணவில் பொதிந்து வைக்கும் 'அவுட்டுக்காய்', மேய வந்த மாட்டின் வாயையும் சிதைத்துவிடும்.

கூர்ந்து நோக்கும் கீதாரி, தண்டிக்கும் முன் குற்றவாளி யார் என்று காண்பார். விடியலில் குட்டியொன்று இறந்து கிடப்பின், முதலில் தரையைப் பார்ப்பார். நரியின் அடி நாயின் அடியை ஒத்ததே. ஆயினும் சிறியதாகவும் சற்று நீண்டும் இருக்கும். பின்பு காயத்தைப் பார்ப்பார். உணவிற்காகக் கொல்லும் விலங்கு ஒன்றைப் பற்றித் தின்னும், அல்லது தூக்கிச் செல்லும். தெருநாய்க் கூட்டமோ பல ஆடுகளைத் துரத்திப் பின்புறத்தைக் கடித்துக் குதறித் தின்னாமலே விட்டுப் போகும். செத்துப் பிறந்த குட்டியைத் தின்ற நரியின்மேல், அதனைக் கொன்ற பழியும் விழுவதுண்டு. இவற்றையெல்லாம் ஆராயாது வைக்கும் கண்ணி, சான்று கேளாது வழங்கும் தீர்ப்பை ஒக்கும்.

இதே வழக்கு கடல் கடந்த நாட்டிலும் நிகழ்ந்தது. வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் நரிக்கு உறவான கொயோட் என்னும் விலங்கு வாழ்கிறது. ஆட்டுப் பண்ணையாளர்க்காக அதனை அடக்க 1931 இல் அமெரிக்க அரசு சட்டமே இயற்றியது. இரும்புப் பொறி வைத்தனர்; நஞ்சிட்டனர்; வானூர்தியிலிருந்தும் சுட்டனர். கொயோட் அழிந்ததா? இல்லை. மேற்கில் இருந்த அது கிழக்குக் கடற்கரை வரை பரவிற்று. நஞ்சினால் பிற உயிர்கள் மாண்டமை கண்டு, அரசுக்குரிய நிலங்களில் அதனை 1972 இல் தடுத்தனர். 1970களின் பிற்பகுதியிலிருந்து, குட்டிப் பருவம் முதலே ஆடுகளோடு வளர்ந்த காவல் நாய்களைப் பண்ணையாளர் பலர் நாடலாயினர்.

அமெரிக்கர் பிந்தி நாடிய அத்துணை இம்மண்ணிற்குப் பழையது. கிடையோடு நாயும் செல்வது பண்டைய வழக்கம். நாய்க்குப் புகழ்பெற்ற ஊரே இராஜபாளையம். பால்போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராஜபாளையம் நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்றது. 2005 இல் இந்திய அஞ்சல் துறை அதன் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. எனினும், வேட்டை நாயின் இயல்பு வேறு. கிடை நாயின் இயல்பு வேறு. ஓடுவதைத் துரத்துவது வேட்டை நாய். ஆடுகளை விட்டு அகலாதிருப்பது கிடை நாய். கிடைக்கு வேண்டுவது விரைவு அன்று, விழிப்பே. நாயின் குட்டியைப் போலவே நரியின் குட்டியையும் 'குருளை' என்று வழங்கலாம் எனத் தொல்காப்பிய மரபியல் இலக்கணம் வகுத்துள்ளது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்று இன்றைய விலங்கியலும் கூறுகிறது. உறவினரில் ஒருவர் கள்வர், ஒருவர் காவலர், அவ்வளவே வேற்றுமை!

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியை வேட்டையாடுதலும் கண்ணி வைத்தலும் குற்றமாகும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988 இல் சாம்பல் நிற அணிலுக்குப் புகலிடமாக்கப்பட்டது; 2021 இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அணிலும் புலியும் காக்கப்படுவது நன்று. ஆயின், மலைக்கும் ஊருக்கும் இடையேயுள்ள புதர்நிலம் ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறின், நரி எங்கே செல்லும்? இரையும் இடமும் குறைந்த விலங்கே ஊரை நாடும்.

சட்டம் நரியைக் காக்கும். கீதாரியின் குட்டியைக் காப்பது யார்? இவ்வினாவைத் தள்ளிவிட்டு நரிக்கு இரங்குவது அறமாகாது. ஈற்றுக் காலத்தில் குட்டிகளை வலிய கூட்டில் அடைத்தலும், நஞ்சுக்கொடியையும் இறந்த குட்டியையும் கிடையருகே எறியாது ஆழப் புதைத்தலும், இரவில் விளக்கோடு முறைவைத்து விழித்தலும், வெறிநோய்த் தடுப்பூசியிட்ட நாய்களை வளர்த்தலும் வேண்டும். எளிய மேய்ப்பர் இவற்றைச் செய்யத் துணைபுரிவது ஊரார் கடமை.

"நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்பது பழமொழி. நரி தன் வழியே செல்லவும், குட்டி தன் தாயருகே உறங்கவும் இடம் தருவதே அறிவுடைமை. கண்ணி வைத்தவன் உறங்கலாம்; காவல் செய்பவன் உறங்கலாகாது. கண்ணி எளிது, காவல் அரிது. அரிய வழியே நல்வழியாம்.

வினாக்கள்

1. நரியால் விளையும் நன்மை தீமைகள் யாவை?
2. குட்டியைக் கொன்றது நரியா, தெருநாயா என்பதைக் கீதாரி எவ்வாறு அறிகிறார்?
3. "கண்ணிக்குக் கண் இல்லை" என்பதன் கருத்தை விளக்குக.
4. வேட்டை நாய்க்கும் கிடை நாய்க்கும் உள்ள வேறுபாடு யாது?