லினக்ஸுக்கு மாறும் முன் பிரிண்டரைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தேறாது. நன்றாக ஓடுகிற ஆபீஸ் கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப மனசு வரவில்லையா? லினக்ஸ் மின்ட் போடலாம். காசு கிடையாது, 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். உபுண்டுவா, ஃபெடோராவா என்று வாரக்கணக்கில் யூடியூப் பார்ப்பது வேண்டாத வேலை. விண்டோஸில் பழகிய கைக்கு மின்ட் போதும். ரேம் 4 ஜி.பி. என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 இருந்தால் சினமன்.

மின்ட் தளத்தில் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றுங்கள், அதில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். கணினியை ஆன் செய்ததும் எஃப்12 (சிலவற்றில் எஃப்9, எஸ்கேப்) தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திறந்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் இதுவரை ஒன்றும் மாறவில்லை. 'இன்ஸ்டால்' ஐகான் கண்ணெதிரே இருக்கும். கை அங்கே போகக்கூடாது.

இப்படியே அரை நாள் உங்கள் நிஜ வேலையைச் செய்து பாருங்கள். வைஃபை, ஒலி, வெப்கேம் பெரும்பாலும் தானாக வேலை செய்யும். வில்லன் பிரிண்டர்தான். ஹெச்பி மாடல்கள் பலவற்றுக்குப் பிரச்சினையே இருக்காது. ஆனால் ஜெராக்ஸ் கடை முதல் வக்கீல் ஆபீஸ் வரை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் முரண்டு பிடிக்கும். விஷயம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அதை நம்பி மாறாதீர்கள்.

அடுத்து தமிழ். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். 'பக்கம்' என்று அடித்துப் பாருங்கள்: 'க' விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் முதலில் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் படிக்கலாம். தொடர்ந்து திருத்த வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. அலுவலகத்தின் பெரிய எக்ஸெல் கோப்பையும் லிபர்ஆஃபீஸில் திறந்து பாருங்கள். மேக்ரோ நிறைய இருந்தால் சிக்கும்.

டேலி விண்டோஸுக்கானது. கணக்கர் உட்காரும் கணினியை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றை மாற்றுவதுதான் விவேகம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று அதைக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

எல்லாம் ஒத்துவந்தால் நிறுவலாம். அதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பகுதி திறக்காமலே போகலாம். விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, நிறுவும்போது 'விண்டோஸோடு சேர்த்து' என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். 'டிஸ்க்கை அழி' என்பதும் பக்கத்திலேயேதான் இருக்கும். நிதானமாகப் படித்துச் சொடுக்குங்கள்.

நிறுவியதும் முதல் வேலை அப்டேட். அடுத்து டைம்ஷிஃப்ட்டில் தினசரி நகலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் கணினி அமைப்பை முந்தைய நாள் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அது உங்கள் ஆவணங்களைக் காக்காது. அவற்றுக்கு அந்த வெளி டிஸ்க்தான்.