வழவழப்பும் வெள்ளியும்

ஈப்போ பொது மருத்துவமனையில் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையைப் பார்த்திருப்பீர்கள். அதன் குழாய் பெரும்பாலும் நம் தாத்தா பாட்டி வெட்டிய அதே ரப்பர்ப் பாலில் செய்தது. பேராக்கில், தைப்பிங் அருகே கமுண்டிங்கிலேயே அதற்குத் தொழிற்சாலை உண்டு.

பல நாள் உடலுக்குள் இருக்கும் குழாயில் கேண்டிடா என்னும் பூஞ்சை கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். தான் சுரக்கும் பசையையே போர்வையாக்கிக்கொள்ளும். குளியலறை வாளியின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். அந்த வழவழப்பும் இத்தகைய உயிர்ப்படலம்தான். தனியே திரியும் பூஞ்சையை அடக்கும் ஃபுளூகோனசோல் மருந்து, போர்வைக்குள் இருப்பதைப் பெரும்பாலும் அசைப்பதில்லை. குழாயையே மாற்ற வேண்டிவரும்.

கொலுசு ஏன் கறுக்கிறது? வெள்ளிக்குக் கந்தகத்தின்மேல் அத்தனை நாட்டம். பூஞ்சையின் புரதங்களிலும் கந்தகம் உண்டு. வெள்ளித் துகளிலிருந்து கசியும் அயனிகள் அதைப் பற்றிக்கொண்டு புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றன, செல்சவ்வும் சிதைகிறது. துகள் 100 நானோமீட்டருக்கும் சிறிதானால், அதே எடை வெள்ளிக்கு மேற்பரப்பு பன்மடங்கு பெருகும். அயனியும் கூடுதலாகக் கசியும்.

ஆய்வுக்கூடத் தட்டில் சரி, நோயாளியிடம்? 2012இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், வெள்ளிக் கலவை பூசிய குழாய் (நானோ துகள் அல்ல) சில நாள் பயன்பாட்டில் சிறுநீர்த் தொற்றைச் சொல்லும்படி குறைக்கவில்லை. அளவு மிஞ்சினால் நம் செல்களையும் வெள்ளி விடாது. வீட்டில் யாருக்காவது குழாய் பொருத்தியிருந்தால், கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். இன்னும் அது தேவையா என்று தாதியிடம் கேளுங்கள்.